நுரையீரல்ல நாட்யூல்னு ரிப்போர்ட் வந்தா: காத்திருக்கறதா, பெட் ஸ்கேனா, ஊசியா, ஆபரேஷனா?

சித்தப்பாவுக்கு கிட்னி கல்லுக்காக வயித்துக்கு சிடி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல கல்லைப் பத்தி நாலு வரி, அதுக்கெல்லாம் கீழ கடைசியா ஒரு வரி, வலது நுரையீரல் கீழ் லோப்ல (நுரையீரலோட பெரிய பிரிவு ஒவ்வொண்ணுக்கும் லோப்னு பேரு) 7 மி.மீ. நாட்யூல் தெரியுது, நெஞ்சு சிடி எடுத்துப் பாக்கவும்னு. வயித்துக்கு எடுக்கற சிடில நுரையீரலோட அடிப்பாகமும் கொஞ்சம் விழும், அதுல மாட்டினது இது. கல்லு வலியெல்லாம் மறந்துபோச்சு, அந்த ஒரு வரியைத்தான் வீட்டுல எல்லாரும் திரும்பத் திரும்பப் படிச்சோம். சித்தி உடனே பெட் ஸ்கேன் எடுத்துடலாம்னாங்க, அண்ணன் ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டா ஒரேயடியா தெரிஞ்சுடுமேன்னாரு, சித்தப்பா எனக்கு ஒண்ணுமில்ல விடுங்கன்னுட்டாரு. நுரையீரல் டாக்டர் இந்த மூணையுமே சொல்லலை, நாலு மாசம் கழிச்சு நெஞ்சு முழுக்க ஒரு சிடி எடுங்கன்னாரு. எங்களுக்கு அது டாக்டர் தட்டிக் கழிக்கற மாதிரி இருந்துச்சு. அது ஏன் தட்டிக் கழிக்கறது இல்லைன்னு புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அதே நிலைமையில இருக்கறவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம். 3 செ.மீ. வரைக்கும் இருக்கற உருண்டையான புள்ளிக்குத்தான் நாட்யூல்னு பேரு, அதைத் தாண்டினா மாஸ், அப்ப கதையே வேற, காத்திருக்கறதுங்கற பேச்சே பொதுவா கிடையாது. நாட்யூல்ல பெரும்பாலானது புற்றுநோய் இல்லை. எப்பவோ வந்து ஆறின டிபி, பூஞ்சைத் தொற்று விட்டுட்டுப் போன தழும்பு, நுரையீரலுக்குள்ளயே இருக்கற சின்ன நிணநீர் முடிச்சு, ஹமர்டோமான்னு சொல்ற கெடுதல் இல்லாத கட்டி, இப்படி ஏதோ ஒண்ணா இருக்கும். அமெரிக்காவுல பல வருஷம் நிறைய சிகரெட் பிடிச்ச 53,000 பேருக்கு மேல சேர்த்து ஒரு பெரிய ட்ரையல் நடந்துச்சு, 2011-ல ரிசல்ட் வந்துச்சு. அதுல பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னு மூணு தடவை குறைஞ்ச டோஸ் சிடி எடுத்தாங்க, ஏதோ இருக்குன்னு வந்த சிடி ரிசல்ட்டுகள்ல 96 சதவீதத்துக்கும் மேல கடைசியில புற்றுநோய் இல்லைன்னு ஆச்சு. ஆனா அதே ட்ரையல்லதான் எக்ஸ்ரே எடுத்த குரூப்பை விட சிடி எடுத்த குரூப்ல நுரையீரல் புற்றுநோய் சாவு 20 சதவீதம் குறைஞ்சுது. அதனால "எல்லாம் ஒண்ணுமில்லாததுதான்"னு விடறதும் தப்பு, எல்லாத்தையும் குத்திப் பாக்கறதும் தப்பு. நடுவுல எந்தப் புள்ளிக்கு எதுங்கறதுதான் கேள்வியே.

எந்த டெஸ்ட்டுங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு, பழைய படத்தைத் தேடறது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் பத்தாது. ரெண்டு வருஷத்துக்கு முந்தின நெஞ்சு சிடி ஒண்ணு கிடைச்சு, அதுலயும் இதே புள்ளி இதே சைஸ்ல கெட்டியா இருந்தா, அனேகமா அங்கயே விஷயம் முடிஞ்சுது, மேல ஒரு டெஸ்ட்டும் வேண்டாம். நாங்க பீரோவெல்லாம் கலைச்சுத் தேடினதுல மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கல்லுக்கு எடுத்த சிடி கிடைச்சுது. ஆனா அது 5 மி.மீ. தடிமனுக்கு ஒரு ஸ்லைஸ்னு எடுத்தது, அந்த இடத்துல ஏதோ மங்கலா இருக்குன்னு மட்டும்தான் ரேடியாலஜிஸ்ட்டால சொல்ல முடிஞ்சுது, சைஸை ஒப்பிட முடியலை. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க் அல்லது படத்தோட ஃபைல் வேணும், ஏன்னா அப்ப பாத்தவர் இந்தப் புள்ளியைப் பத்தி எழுதாமலே விட்டிருக்கலாம்.

சில புள்ளிகள் படத்துலயே தன்னைக் காட்டிக் குடுத்துடும். நட்ட நடுவுல கால்சியம், இல்ல முழுக்க கால்சியம், வளையம் வளையமா, இல்ல பாப்கார்ன் மாதிரி கால்சியம் படிஞ்சிருந்தா அது ஆறின தழும்போ ஹமர்டோமாவோதான். உள்ள கொழுப்பு தெரிஞ்சாலும் ஹமர்டோமா பக்கம்தான். லோப்களைப் பிரிக்கற கோட்டு மேல ஒட்டிக்கிட்டு சின்னதா முக்கோணமா தட்டையா வழவழன்னு இருந்தா அது பெரும்பாலும் நிணநீர் முடிச்சு. இந்த மாதிரின்னு ரேடியாலஜிஸ்ட் உறுதியா எழுதிட்டா கீழ நான் சொல்லப்போற எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

இதெல்லாம் இல்லைன்னா முடிவு மூணு விஷயத்தைப் பொறுத்தது. எவ்வளவு பெரிசு, எந்த மாதிரி (முழுக்க கெட்டியா, பனிமூட்டம் மாதிரி மங்கலா, இல்ல ரெண்டும் கலந்தா), யாருக்கு வந்திருக்கு. வயசு, சிகரெட், குடும்பத்துல நுரையீரல் புற்றுநோய், எம்ஃபைசிமா (நுரையீரலோட காத்துப் பைகள் சிதைஞ்சு போற நோய்), புள்ளி மேல் லோப்ல இருக்கா, ஓரம் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கா, இதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். இதையெல்லாம் போட்டு இத்தனை சதவீதம் வாய்ப்புன்னு கணக்குப் பண்ற ப்ராக் மாடல், மேயோ மாடல்னு இருக்கு, டாக்டர்கிட்ட "கணக்குல எத்தனை சதவீதம் வருது"ன்னு தைரியமா கேளுங்க, அந்த ஒரு நம்பர் தெரிஞ்சா மத்த பேச்செல்லாம் தெளிவாயிடும்.

இப்ப முதல் வழி, காத்திருந்து திரும்ப சிடி எடுக்கறது. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது இங்கதான். ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கறதுன்னு நினைச்சேன். ஆனா இந்த வழியில காலமே ஒரு டெஸ்ட். கெட்டியான நாட்யூல் புற்றுநோயா இருந்தா அது பெரும்பாலும் ஒரு மாசத்துல இருந்து 400 நாளுக்குள்ள கன அளவுல ரெண்டு மடங்காகும். தொற்றுன்னா சில வாரத்துலயே வீங்கும் இல்ல கரைஞ்சு போயிடும், தழும்புன்னா வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். அதனால வளர்ற வேகமே அது என்னன்னு சொல்லிடும். இதுல ஒரு கணக்கு இருக்கு, எல்லாரும் தெரிஞ்சுக்கணும். உருண்டை கன அளவுல ரெண்டு மடங்காக குறுக்களவு 26 சதவீதம் கூடினா போதும். 7 மி.மீ. 9 மி.மீ. ஆச்சுன்னா ரெண்டு மி.மீ.தானேன்னு தோணும், ஆனா கன அளவுல அது ரெண்டு மடங்கைத் தாண்டியாச்சு. இன்னொரு பக்கம், ஒரே புள்ளியை ரெண்டு பேர் அளந்தா ஒண்ணு ஒண்ணரை மி.மீ. வித்தியாசம் சாதாரணமா வரும், அதனால 2 மி.மீ.யாவது கூடினாத்தான் வளர்ந்திருக்குன்னு எடுத்துப்பாங்க. 5 மி.மீ. புள்ளிக்கு ரெண்டு மாசத்துல சிடி எடுத்தா ஏன் பிரயோஜனம் இல்லைங்கறது இதுல இருந்தே புரியும், நிஜமாவே வளர்ந்திருந்தாலும் அளவுல மாட்டாது, பயம் மட்டும் மிச்சம்.

ஃப்ளைஷ்னர் சொசைட்டின்னு ஒரு அமைப்பு 2017-ல வெளியிட்ட வழிமுறையைத்தான் நிறைய டாக்டர்கள் பின்பத்தறாங்க. தற்செயலா மாட்டின ஒத்தை கெட்டி நாட்யூல், 6 மி.மீ.க்குக் கீழன்னா, ரிஸ்க் குறைஞ்சவங்களுக்கு வழக்கமா தொடர் ஸ்கேனே வேண்டாம், ரிஸ்க் அதிகம்னா விருப்பப்பட்டா 12 மாசத்துல ஒண்ணு. 6-ல இருந்து 8 மி.மீ.ன்னா 6-12 மாசத்துல ஒரு சிடி, அப்புறம் 18-24 மாசத்துல இன்னொண்ணு (ரிஸ்க் குறைஞ்சவங்களுக்கு இந்த ரெண்டாவது யோசிச்சு செஞ்சா போதும்). ஒண்ணுக்கு மேல இருந்து பெரிசு 6 மி.மீ. தொட்டிருந்தா முதல் சிடி 3-6 மாசத்துலயே. 8 மி.மீ.க்கு மேல போனா மூணு மாசத்துல சிடி, பெட் ஸ்கேன், பயாப்சி (சதை எடுத்து டெஸ்ட் பண்றது) மூணுல ஒண்ணை யோசிக்கணும், அதாவது நிஜமான குழப்பமே 8 மி.மீ.க்கு மேலதான் ஆரம்பிக்குது. சித்தப்பா மாதிரி வயித்து சிடில பாதி நுரையீரல் மட்டும் தெரிஞ்சு 6-8 மி.மீ. மாட்டினா, ரிஸ்க்கைப் பொறுத்து 3-12 மாசத்துக்குள்ள முழு நெஞ்சு சிடி எடுக்கணும். சிகரெட் விட்டு அஞ்சு வருஷம்தான் ஆகுதுங்கறதால டாக்டர் நாலு மாசம்னு சொன்னாரு. இந்த 6 மி.மீ. எல்லை முன்னாடி 4 மி.மீ.யா இருந்துச்சு, 2005 வழிமுறைல. சின்னப் புள்ளிகளை விரட்டி விரட்டி ஸ்கேன் எடுத்ததுல பெரிய லாபம் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு ஏத்தினாங்க. பழைய கட்டுரையைப் படிச்சுட்டு டாக்டர் அலட்சியமா விட்டுட்டார்னு சண்டைக்குப் போயிடாதீங்க.

ரேடியேஷன் பயம் நிறையப் பேருக்கு இருக்கு, சித்திக்கும் இருந்துச்சு. தொடர் ஸ்கேனுக்கு குறைஞ்ச டோஸ் சிடி போதும், அது சுமார் 1.5 மில்லிசீவர்ட், இயற்கையா மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் நமக்கு வருஷத்துக்கு வர்றதே அதை விட அதிகம். படம் தெளிவாத் தெரிய ரத்தத்துல ஏத்தற கான்ட்ராஸ்ட் ஊசியும் இதுக்குத் தேவையில்லை. மெல்லிய ஸ்லைஸா, 1.5 மி.மீ. இல்ல அதை விடக் குறைவா எடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சா அதே மெஷின்ல.

இந்த வழியோட நிஜமான ஆபத்து ரேடியேஷன் இல்லை, மறதி. ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னதை டாக்டரும் மறந்து நாமளும் மறந்து ரெண்டு வருஷம் கழிச்சு இருமல்னு போய் நிக்கறது. தேதி போடாம காத்திருக்கறது காத்திருக்கறதே இல்லை, அது விட்டுடறது. சித்தப்பா சொன்ன "விடுங்க"வுக்கும் டாக்டர் சொன்ன "நாலு மாசம்"க்கும் இருக்கற வித்தியாசம் இதுதான்.

பனிமூட்டம் மாதிரி தெரியற கிரவுண்ட் கிளாஸ் நாட்யூலுக்குக் கணக்கே வேற. அது புற்றுநோயா இருந்தாலும் ரொம்ப மெதுவா வளரும், ரெண்டு வருஷம் மாறலைன்னா சரியாப்போச்சுங்கற விதி இதுக்குச் செல்லாது. 6 மி.மீ. இல்ல அதுக்கு மேல இருந்தா 6-12 மாசத்துல எடுத்து இன்னும் இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு அஞ்சு வருஷம் பாக்கணும். நிறைய மூட்டம் தொற்றாலயோ வீக்கத்தாலயோ வந்து தானா மறைஞ்சுடும், அதனாலதான் முதல்ல இருக்கான்னு பாக்கறது. மூட்டத்துக்கு நடுவுல கெட்டிப் பகுதியும் கலந்திருக்கறதுதான் இருக்கறதுலயே கவனமாப் பாக்க வேண்டியது, 3-6 மாசத்துல திரும்ப எடுத்து, மாறாம அப்படியே இருந்து கெட்டிப் பகுதி 6 மி.மீ.க்குக் கீழன்னா வருஷத்துக்கு ஒண்ணுன்னு அஞ்சு வருஷம், கெட்டிப் பகுதி பெரிசாச்சுன்னா பயாப்சி ஆபரேஷன்னு போயிடணும்.

ரெண்டாவது வழி பெட் ஸ்கேன், சித்தியோட வழி. சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஏத்தி எந்த செல் அதை அதிகமா இழுக்குதுன்னு பாக்கறாங்க, அதிகமா இழுக்கற இடம் படத்துல எரியற மாதிரி பளிச்சுன்னு தெரியும். கேக்க ரொம்ப நல்லா இருக்கும், உடம்பு முழுக்க ஒரே தடவைல பாத்துடலாம்னு. ஆனா 8 மி.மீ.க்குக் கீழ அதோட பார்வை மங்கிடும், எரியலைன்னு வந்தா நிம்மதிப்பட முடியாது. சித்தப்பாவோட 7 மி.மீ.க்கு எடுத்திருந்தா "எரியலை"ன்னு வந்திருக்கும், நாங்க கொண்டாடியிருப்போம், அதுக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது. பெரிசா இருந்தாலும் கார்சினாய்டு, மூட்டம் மாதிரி இருக்கற அடினோகார்சினோமான்னு சில வகைப் புற்றுநோய் எரியாம ஏமாத்தும். இன்னொரு பக்கம் டிபி, பூஞ்சை, சார்காய்டோசிஸ் (நுரையீரல்ல வீக்கம் உண்டாக்கற, புற்றுநோய் இல்லாத ஒரு நோய்), சாதாரண நிமோனியா எல்லாம் நல்லா பளிச்சுன்னு எரியும். டிபி பரவலா இருக்கற இடத்துல பெட்ல எரிஞ்சதுன்னா புற்றுநோய்னு முடிவு கட்டவே கூடாது. சர்க்கரை வியாதி கட்டுப்பாட்டுல இல்லைன்னாலும் ரிசல்ட் குழம்பும். அதனால பெட் எங்க நல்லா உதவும்னா 8 மி.மீ.க்கு மேல, அதுவும் 1 செ.மீ. தாண்டின கெட்டி நாட்யூல், சந்தேகம் ரொம்பக் குறைவும் இல்லை ரொம்ப அதிகமும் இல்லைங்கற நடு நிலைமை. அதோட புற்றுநோய்னு ஏற்கனவே பலத்த சந்தேகம் இருந்தா வேற எங்கயாவது பரவியிருக்கான்னு பாக்க பெட் கட்டாயம் வேணும், ஆனா அது வேற கேள்விக்குப் பதில்.

மூணாவது பயாப்சி, அண்ணன் கேட்டது. இதுல ரெண்டு பாதை. நெஞ்சு வழியா சிடி பாத்துக்கிட்டே ஊசி விடறது, இல்ல மூச்சுக்குழாய் வழியா ப்ரான்கோஸ்கோப்ங்கற கேமரா வச்ச மெல்லிய குழாயை விட்டு நாட்யூல் வரைக்கும் போறது, இப்ப ரோபாட் மாதிரி வழிகாட்டற மெஷின்லாம் வந்திருக்கு. நெஞ்சுல குத்தற ஊசி விலாவுக்குப் பக்கத்துல இருக்கற புள்ளிக்கு நல்லா எட்டும், ஆனா நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து கசிஞ்சு நுரையீரல் சுருங்கற வாய்ப்பு இருக்கு, நூத்துல 15-25 பேருக்கு ஓரளவாவது ஆகும், அதுல பெரும்பாலானவங்களுக்கு தானா சரியாயிடும், சிலருக்கு நெஞ்சுல டியூப் போட்டு ஆஸ்பத்திரில இருக்கணும். எம்ஃபைசிமா இருக்கறவங்களுக்கு, புள்ளி ஆழத்துல இருக்கறவங்களுக்கு இது இன்னும் கூடும். 2025-ல வெளிவந்த வெரிடாஸ் ட்ரையல்ல 1-3 செ.மீ. நாட்யூலுக்கு ரெண்டு பாதையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க. சரியான பதில் தர்றதுல வழிகாட்டற ப்ரான்கோஸ்கோபி பின்தங்கலை, காத்துக் கசிவு ஊசில 28 சதவீதம், ப்ரான்கோஸ்கோபில 3 சதவீதம் சொச்சம். அந்த மெஷினும் அதுல கை தேர்ந்த டாக்டரும் இருக்கற இடம்னா என் ஓட்டு ப்ரான்கோஸ்கோபிக்குத்தான், அதுலயே பக்கத்து நிணநீர் முடிச்சையும் சாம்பிள் எடுத்துடலாம். இல்லாத இடத்துல அனுபவமுள்ள கை ஊசி போடறது எவ்வளவோ மேல்.

ஆனா எந்தப் பாதையா இருந்தாலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பயாப்சில "புற்றுநோய் செல் தென்படலை"ன்னு வர்றதும் "புற்றுநோய் இல்லை"ங்கறதும் ஒண்ணு இல்லை. டிபி, ஹமர்டோமா, இல்ல குறிப்பா இன்ன வியாதின்னு பேரோட வந்தா அது பதில். வெறும் வீக்கம், ரத்தம், சாதாரண நுரையீரல் திசுன்னு வந்தா ஊசி பக்கத்துல குத்தியிருக்கலாம், திரும்ப எடுக்கணும் இல்ல தொடர்ந்து ஸ்கேன்ல பாக்கணும். 7 மி.மீ. புள்ளி மூச்சு இழுத்தா விட்டா நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதைக் குறி பாத்துக் குத்தறது எவ்வளவு கஷ்டம்னு ரேடியாலஜிஸ்ட் சொல்லிக் கேட்டப்ப அண்ணன் அதுக்கப்புறம் ஊசிப் பேச்சையே எடுக்கலை.

நாலாவது நேரா ஆபரேஷன். கேமரா விட்டு சின்ன ஓட்டை வழியா அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மயக்கத்துல இருக்கறப்பவே பரிசோதனைக்கு அனுப்பி, புற்றுநோய்னா அதே மேஜைல மீதியையும் எடுத்துடுவாங்க. 2 செ.மீ.க்குள்ள வெளி ஓரத்துல இருக்கற புற்றுநோய்க்கு முழு லோப்பை எடுக்காம அதுல ஒரு சின்னப் பிரிவான செக்மென்ட்டை மட்டும் எடுத்தாலும் போதும்னு ஜப்பான்ல நடந்த பெரிய ட்ரையல் 2022-ல காட்டிச்சு, அதனால முன்ன மாதிரி நிறைய நுரையீரலை இழக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கடைசியில தழும்புன்னு தெரிஞ்சா ஒரு ஆபரேஷனை வீணா தாங்கின மாதிரி ஆயிடும். அதனால இது சந்தேகம் ரொம்ப அதிகமா இருக்கறவங்களுக்கு, ஆபரேஷனைத் தாங்கற மூச்சுத் திறன் இருக்கறவங்களுக்கு மட்டும்.

அப்ப எதை எப்ப? அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் அமைப்போட 2013 வழிமுறை, 8 மி.மீ.க்கு மேல இருக்கற கெட்டி நாட்யூலுக்கு, புற்றுநோய் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழன்னா தொடர் சிடி, 65-க்கு மேலன்னா ஆபரேஷன், நடுவுல பெட் ஸ்கேன் அல்லது பயாப்சின்னு சொல்லுது. எனக்கு இது பிடிச்சிருக்கு, ஏன்னா டெஸ்ட்டோட பேரை வச்சு இல்லாம, ரிசல்ட் வந்தா என் முடிவு மாறுமாங்கறதை வச்சு யோசிக்க வைக்குது. 35 வயசு, சிகரெட்டே தொடாதவர், 9 மி.மீ. வழவழன்னு இருந்தா மூணு மாசத்துல சிடி எடுத்துப் பாக்கறதுதான் நியாயம். 62 வயசு, முப்பது வருஷ சிகரெட், மேல் லோப்ல 22 மி.மீ. முள்ளு முள்ளா இருந்தா பெட் எரியாம வந்தாக்கூட யாரும் விடப்போறதில்லை, பரவியிருக்கான்னு பாத்துட்டு ஆபரேஷன் பக்கம் போறதுதான் சரி. 50 வயசு, 14 மி.மீ., கொஞ்சம் சிகரெட், ஓரம் மேடு பள்ளம்னா அங்கதான் பெட்டும் பயாப்சியும் நிஜமாவே உதவும். இந்த நடு நிலைமைல நோயாளியோட மனசையும் கணக்குல எடுக்கணும், மூணு மாசம் காத்திருந்தா தூக்கமே வராதுங்கறவருக்கு பயாப்சி, எம்ஃபைசிமாவோட மூச்சு வாங்கறவருக்கு சிடி. இதுல டாக்டர் மட்டும் முடிவெடுக்க முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேல சொன்ன ஃப்ளைஷ்னர் மாசக் கணக்கு எல்லாம் 35 வயசுக்கு மேல, முன்னாடி புற்றுநோய் வந்ததில்லைங்கறவங்களுக்கு, எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கறவங்களுக்குத்தான். ஏற்கனவே மார்பகத்துலயோ குடல்லயோ புற்றுநோய் வந்தவங்க, கிட்னி மாத்தினவங்க, கீமோ எடுக்கறவங்க இதைப் பாத்து 5 மி.மீ.தானேன்னு விட்டுடக் கூடாது, அவங்களுக்கு சிகிச்சை குடுக்கற டாக்டரே தனியா சொல்லணும்.

சித்தப்பாவுக்கு நாலாவது மாசம் முழு நெஞ்சு சிடி எடுத்தோம். 7 மி.மீ. அப்படியே 7 மி.மீ., மேல் லோப்ல இன்னொரு 4 மி.மீ. புள்ளி புதுசாத் தெரிஞ்சுது, புதுசா வந்ததுன்னு இல்லை, வயித்து சிடில அந்த இடம் விழவே இல்லை அவ்வளவுதான். அடுத்தது 18-வது மாசம், தேதி சீட்டுலயே எழுதி வாங்கிட்டு வந்தோம், ரெண்டு ஸ்கேனோட டிஸ்க்கையும் ஒரே கவர்ல போட்டு வச்சிருக்கோம். டாக்டர் கிளம்பறப்ப சொன்ன இன்னொண்ணு, நடுவுல சளியில ரத்தம் வந்தாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ, இருமல் மூணு வாரம் தாண்டினாலோ 18-வது மாசத்துக்காகக் காத்திருக்காம உடனே வரணும்.